தப்பியோடியவர்களின் ஆங்கிலச் சொற்கள்: பட்டியலா, ஆப்பா, புத்தகமா?

போன மாதம் ஒரு ராத்திரி, அமெரிக்காவில் சின்சினாட்டியில் இருக்கும் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பள்ளியில் கொடுத்த தாள். 24 ஆங்கிலச் சொற்கள். எல்லாம் அந்தக் கால அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பியோடியவர்களைப் பற்றிய பாடத்துக்கானவை. "சித்தி, வெள்ளிக்கிழமை டெஸ்ட். எப்படிப் படிக்கிறது?" ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் ஊரை ஒட்டி ஓடும் ஒஹையோ ஆறுதான் அந்தக் காலத்தில் எல்லைக்கோடு. தென்கரையில் கென்டக்கி, அடிமை முறை இருந்த மாநிலம். வடகரையில் ஒஹையோ, அது இல்லாத மாநிலம். ஆற்றைத் தாண்டினால் பாதி தப்பித்த மாதிரி. பாதிதான், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதே வாரம் என் மாலை வகுப்புக்கு வரும் ஒரு பையனும் கிட்டத்தட்ட இதே சொற்களோடு வந்தான். பிளஸ் டூ முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன். மாதிரித் தேர்வில் லிங்கன் காலத்தைப் பற்றி ஒரு பத்தி வந்து, அதில் பாதிக் கேள்வியைக் கோட்டைவிட்டிருந்தான். அவன் எழுதி வைத்திருந்த பட்டியலில் 40 சொல்.

சொல் படிக்க என்ன தனி வழி, எழுதிப் பார்த்து மனப்பாடம் பண்ண வேண்டியதுதானே என்று நினைத்த ஆள்தான் நானும். இந்த இரண்டு பேரை வைத்து மூன்று வாரம் ஒவ்வொரு வழியாகப் பார்த்த பிறகு கருத்து மாறிவிட்டது.

முதலில் பழைய பட்டியல். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். செலவு ஒரு நோட்டும் பேனாவும். ஒரு சாயங்காலத்தில் 20 சொல் முடியும். கண்ணால் பார்க்கக்கூடிய பொருளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஷேக்கிள்ஸ் என்றால் விலங்கு. ஸ்வாம்ப் என்றால் சதுப்பு நிலம். ப்ளட்ஹவுண்ட் மோப்ப நாய். ஆக்‌ஷன் என்றால் ஏலம். சினிமா ஆக்‌ஷனோடு குழம்பாமல் ஸ்பெல்லிங்கை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கெல்லாம் கதையும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம்.

சிக்கல் அடுத்த பக்கத்தில் வந்தது. பையன் நோட்டில் எமான்சிபேஷன் என்பதற்கு எதிரே விடுதலை. மேனுமிஷனுக்கு எதிரே விடுதலை. லிபரேஷன், விடுதலை. ஃப்ரீடம், விடுதலை. அபோலிஷனுக்கு மட்டும் ஒழிப்பு என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் விடுதலை. "மேடம், எல்லாம் ஒண்ணுதானே, எதுக்கு அஞ்சு வார்த்தை?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பட்டியல் இதற்குப் பதில் சொல்லாது, ஏனென்றால் குழப்பமே பட்டியலால்தான் வந்தது.

வித்தியாசம், யார் விடுவித்தார்கள் என்பதில் இருக்கிறது. ஓர் எசமான் தன்னிடம் இருக்கும் ஒருவரை உயில் மூலமோ பத்திரம் எழுதியோ விடுவித்தால் அது மேனுமிஷன். அரசு ஆணையாலோ சட்டத்தாலோ மொத்தமாக விடுவித்தால் எமான்சிபேஷன். அந்த முறையையே இல்லாமல் ஆக்குவது அபோலிஷன். அதிபர் லிங்கனின் விடுதலை ஆணை 1863 ஜனவரி 1-ல் வந்தது. ஆனால் கிளர்ச்சி செய்த தென்மாநிலப் பகுதிகளுக்குத்தான் அது பொருந்தும். அடிமை முறை இருந்தும் பிரிந்துபோகாமல் யூனியனோடு, அதாவது லிங்கனின் அரசோடு, இருந்த மேரிலாந்தில் ஆணை செல்லாது. அங்கே 1864 நவம்பரில் புதிய மாநில அரசியல் சட்டம் வந்துதான் அடிமை முறை போனது. நாடு முழுக்க ஒழிந்தது 1865 டிசம்பரில், அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தத்தோடு. ஆக ஒரே நாட்டில் எமான்சிபேஷன் நடந்து முடிந்த பிறகும் அபோலிஷன் நடக்காமல் இருந்திருக்கிறது. இதைச் சொன்னதும் பையன் நோட்டில் மூன்று விடுதலையை அடித்துவிட்டு, ஒவ்வொன்றின் எதிரேயும் 'யார் செய்தது' என்று ஒரு வரி எழுதிக்கொண்டான்.

எஸ்கேப் என்ற சொல்லுக்கு மட்டும் அந்த வரி தேவைப்படவில்லை. அது யாரும் கொடுக்காதது, தானே எடுத்துக்கொண்டது. தமிழில் தப்புவதும் தப்பு பண்ணுவதும் ஒரே சொல்லாக இருப்பதால், தப்பியோடினான் என்றாலே காதில் ஒரு குற்றவாளிதான் வந்து நிற்கிறான். பட்டியலில் இந்த வாடையும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும்.

பட்டியலுக்கு இன்னொரு பலவீனம், நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள். ஓவர்சியர் என்றால் நம்மூரில் ரோடு போடும் இடத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பவர். மாஸ்டர் என்றால் பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர், டெய்லர் மாஸ்டர். டிரைவர் என்றால் சொல்லவே வேண்டாம். அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டத்தில் மாஸ்டர் என்பவர் ஆளையே விலைக்கு வாங்கி வைத்திருந்தவர். ஓவர்சியர், சவுக்கோடு வயலில் வேலை வாங்கியவர். டிரைவர், அடிமைகளிலேயே ஒருவராக இருந்து மற்றவர்களை மேய்க்க வைக்கப்பட்டவர். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் பிடிபடும். முழுக்கப் பொருந்தாது, கங்காணி விலைக்கு வாங்கப்பட்டவர் இல்லை. ஆனால் கூட்டத்துக்குள்ளிருந்தே ஒருவரை எடுத்துக் கூட்டத்தை ஓட்டும் அந்த ஏற்பாடு புரியும். இந்தச் சொற்களைப் பட்டியலில் யாரும் எழுதுவதே இல்லை. தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

அடுத்தது ஆப். அங்கி என்ற ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் இலவசம், ஐபோனில் காசு. ஒரு சொல் உங்களுக்கு மறக்கப்போகும் நேரமாகப் பார்த்து அந்த கார்டை மறுபடி காட்டும். நன்றாக வேலை செய்கிறது, அதில் சந்தேகம் இல்லை. பையனுக்கு 40 கார்டும் நானே போட்டுக்கொடுத்தேன். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் பொருள். பத்தே நாளில் 40-க்கு 40. எனக்கே பெருமையாக இருந்தது.

அப்புறம் ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். 1845-ல் ஃபிரெடரிக் டக்ளஸ் எழுதிய தன் வரலாற்றிலிருந்து. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அந்த நூற்றாண்டின் பெரிய பேச்சாளர்களில் ஒருவரானவர். 1830-களின் நடுவில் ஒரு ஈஸ்டர் சமயத்தில் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து தப்பத் திட்டம் போட்டார்கள். ஊரை விட்டு வெளியே போக எசமான் கையெழுத்தில் அனுமதிச் சீட்டு வேண்டும். அதன் பெயர் பாஸ். டக்ளஸுக்கு எழுதத் தெரியும், ஆகவே ஆளுக்கொரு பாஸ் அவரே எழுதிக்கொடுத்தார். விஷயம் கசிந்து எல்லாரும் பிடிபட்டார்கள். டக்ளஸ் தன் பாஸை யாரும் பார்க்காமல் நெருப்பில் போட்டுவிட்டார். ஹென்றி என்ற நண்பரின் பாஸ் இன்னும் அவரிடமே இருக்கிறது. கைகளைக் கட்டி ரோட்டில் நடத்திக் கூட்டிப்போகும்போது, காவலர்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இதை என்ன செய்வது என்று ஹென்றி கேட்கிறார். டக்ளஸ் சொன்ன பதில்: பிஸ்கட்டோடு சேர்த்துத் தின்றுவிடு, 'ஓன் நத்திங்'.

பையன் வரியைப் படித்துவிட்டு, "எதையும் சொந்தமா வச்சுக்காதே" என்று மொழிபெயர்த்தான். அந்த இடத்தில் ஓன் என்றால் ஒத்துக்கொள்வது. எதையும் ஒத்துக்கொள்ளாதே, வாயைத் திறக்காதே. அந்தச் சொல் வரிசையில் ஒவ்வொருவர் வாயாகக் கடந்து போனது, எல்லாரும் அதையே திருப்பிச் சொன்னார்கள் என்று டக்ளஸ் எழுதுகிறார். தன் உடம்புகூடத் தனக்குச் சொந்தமில்லாத ஆட்கள் 'ஓன் நத்திங்' என்று சொல்லிக்கொண்டு நடக்கிறார்கள். பையன் எடுத்துக்கொண்ட பொருள்கூட ஒரு விதத்தில் உண்மையாகப் போய்விட்டது, பாருங்கள். ஆனால் தேர்வில் மார்க் கிடைக்காது.

போகிற போக்கில் பிஸ்கட்டையும் சொல்லிவிடுகிறேன். அது டீயில் முக்கும் பிஸ்கட் இல்லை. அமெரிக்கத் தென்பகுதி பிஸ்கட் கையடக்க பன் மாதிரி இருக்கும். ஒரு தாளைச் சேர்த்து விழுங்க அதுதான் வசதி.

40 கார்டும் தெரிந்த பையன் தடுக்கி விழுந்தது மூன்றெழுத்துச் சொல் ஒன்றில். ஆப் மேல் பழி போட மாட்டேன். கார்டு போட்ட நான்தான் தப்பு. எமான்சிபேஷன், மேனுமிஷன் மாதிரி நீளமாக, பயமுறுத்தும் சொற்களை எல்லாம் கார்டில் ஏற்றினேன். அவை உண்மையில் எளிது. அவற்றுக்கு ஒரே ஒரு பொருள்தான், எங்கே பார்த்தாலும் அதேதான். பாஸ், ஓன், ஹேண்ட், பிரேக், ஹயர் இவைதான் கஷ்டம். ஹேண்ட் என்றால் கை இல்லை, வயல் ஆள். பிரேக் என்றால் உடைப்பது இல்லை, முரட்டுக் குதிரையைப் பழக்குவது மாதிரி மனிதனை அடித்து வழிக்குக் கொண்டுவருவது. டக்ளஸை ஒரு வருடம் அப்படி ஒருவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். கோவி என்று பெயர், அந்த வட்டாரத்தில் அதற்கே பேர்போன ஆள். இந்தச் சொற்களைக் கார்டாகப் போட முடியாது என்றில்லை. முழு வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல் இருக்கும் இடத்தை மட்டும் காலியாக விட்டுப் போட்டால் வேலை செய்யும். ஆனால் அந்த வாக்கியம் முதலில் எங்கிருந்தாவது வர வேண்டுமே.

நடுவில் வேர்ச்சொல் வழியையும் முயன்றோம். போட்டித் தேர்வுக்கு இது பிரமாதம் என்பேன். லத்தீனில் ஃபூகெரே என்றால் ஓடுவது. அதிலிருந்து ஃபியூஜிட்டிவ், ரெஃப்யூஜ், ரெஃப்யூஜி. பிளஸ் டூ பௌதிகத்தில் படித்த சென்ட்ரிஃப்யூகல் ஃபோர்ஸும் அதே குடும்பம்தான், மையத்தை விட்டு ஓடும் விசை. இதைச் சொன்னபோது பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மானுஸ் என்றால் கை. மேனுமிஷன் என்றால் கையிலிருந்து அனுப்பிவிடுவது. எமான்சிபேஷனிலும் அதே கை இருக்கிறது, கையால் பிடித்து வைத்திருந்ததிலிருந்து வெளியே. சாட்டல் என்ற சொல் சட்டத்தில் அடிமையைக் குறித்தது, அசையும் சொத்து என்று பொருள். மாட்டைக் குறிக்கும் கேட்டிலும் மூலதனத்தைக் குறிக்கும் கேப்பிட்டலும் அதன் உடன்பிறப்புகள். பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம் என்றும் பொருள் உண்டே, அதைச் சொன்னால் போதும், ஒரு தமிழ்ப் பிள்ளைக்குச் சாட்டல் மறக்காது.

வேர் வழியில் ஒரு பள்ளமும் இருக்கிறது. கையிலிருந்து விடுவது என்று சொன்னதும், "அப்போ கைவிடுறதா மேடம்?" என்றான். இல்லை. தமிழில் கைவிட்டால் அநாதை, லத்தீனில் கையிலிருந்து விட்டால் சுதந்திர மனிதன். வேர் பிறந்த இடத்தைச் சொல்லும், சொல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தேவையில்லை. அக்கா மகளிடம் இரண்டு வேர் சொல்லிப் பார்த்தேன், கொட்டாவி விட்டாள்.

இனி புத்தகம். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

டக்ளஸ் புத்தகத்தின் ஏழாவது அத்தியாயத்தில் ஒரு இடம் வருகிறது. நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் அதே பிரச்சினையில் அவரே மாட்டிக்கொள்கிறார். பால்டிமோரில் சிறுவனாக இருக்கும்போது அபோலிஷன் என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. ஓர் அடிமை ஓடிவிட்டால், எசமானைக் கொன்றுவிட்டால், களஞ்சியத்துக்குத் தீ வைத்துவிட்டால், எல்லாம் அபோலிஷனால் வந்த வினை என்று பேசிக்கொள்கிறார்கள். என்ன பொருள் என்று அகராதியைப் புரட்டுகிறார். 'அபாலிஷ் செய்தல்' என்று போட்டிருக்கிறது. எதை அபாலிஷ் செய்வது? அதை அகராதி சொல்லவில்லை. யாரிடமும் கேட்கவும் பயம். கடைசியில் ஒரு நாள் உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று கைக்கு வருகிறது. வாஷிங்டன் பகுதியில் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி வடக்கிலிருந்து வந்த மனுக்களைப் பற்றி அதில் செய்தி. அப்போதுதான் அந்தச் சொல் அவருக்குத் திறக்கிறது. அதற்குப் பிறகு யாராவது அதை உச்சரித்தால் பக்கத்தில் போய் நின்றுகொள்வாராம்.

இந்த ஒரு பக்கத்தைப் படித்த எந்தப் பிள்ளைக்கும் அபோலிஷன் மறக்க வழியில்லை. அதோடு பெட்டிஷன் என்ற சொல்லும் இலவசமாக வந்துவிடும்.

அவர் எழுத்துப் படித்த விதமும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. எசமானியம்மா ஏ, பி, சி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, கணவர் தடுத்ததும் நிறுத்திவிடுகிறார். சிறுவன் டக்ளஸ் விடவில்லை. வீட்டிலிருந்து ரொட்டி எடுத்துக்கொண்டு போய், தெருவில் பசியோடு திரியும் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கொடுத்து, பதிலுக்குப் பாடம் வாங்குகிறார். கப்பல் கட்டும் இடத்தில் தச்சர்கள் மரத்துண்டுகளில் எழுதும் குறிகளைப் பார்க்கிறார்: கப்பலின் இடப்பக்கம் போகும் மரத்துக்கு எல், வலப்பக்கத்துக்கு எஸ், முன்பகுதி என்றால் கூடவே எஃப், பின்பகுதி என்றால் ஏ. அவர் முதலில் எழுதப் பழகியது இந்த நாலு எழுத்துதான்.

புத்தகத்தின் விலை என்ன என்று கேட்டால், பணம் ஒன்றும் இல்லை. குட்டன்பர்க் தளத்தில் இலவசம், லிப்ரிவாக்ஸில் ஒலிவடிவமும் இலவசம். உச்சரிப்புக்கு அதைக் கேட்கலாம். மொத்தமே 11 அத்தியாயம். விலை வேறு வகையில் இருக்கிறது. வாக்கியங்கள் 180 வருடம் பழையவை, நீளமானவை. முதல் அத்தியாயத்திலேயே அவருடைய அத்தை ஹெஸ்டரைக் கட்டிவைத்து அடிக்கும் காட்சி வருகிறது, படித்துவிட்டுத் தூங்க முடியாது. கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் சொல்லும் வெளிப்படையாக வரும். ஐந்தாம் வகுப்புக்குக் கையில் கொடுத்துவிட்டுப் போக முடியாது. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பக்கங்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும், அதற்கு நேரம் வேண்டும்.

ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861-ல் வெளியிட்ட தன் வரலாறு இன்னும் கனம். வடக்கு கரோலினாவில், எசமானின் பாலியல் தொல்லைக்குத் தப்பி, பாட்டி வீட்டில் கூரைக்குக் கீழே ஒரு பொந்தில் ஏறக்குறைய ஏழு வருடம் ஒளிந்திருந்தவர். 9 அடி நீளம், 7 அடி அகலம், உயரமான இடத்தில் 3 அடி. எழுந்து நிற்க முடியாது. மாமா விட்டுப்போன சின்னத் துளைப்பான் ஒன்று இருட்டில் தலையில் இடிக்கிறது; அதை வைத்துச் சுவரில் ஓட்டை போட்டு, தெருவில் போகும் தன் பிள்ளைகளைப் பார்க்கிறார். அவர் அந்த ஓட்டைக்குச் சொல்லும் சொல் லூப்ஹோல். இன்றைக்குச் சட்டத்தில் ஓட்டை என்று அரசியல்வாதிகள் சொல்கிறார்களே, அதே லூப்ஹோல்தான். பழைய பொருள், சுவரில் வைத்த பார்க்கும் துவாரம். கல்லூரி வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன், சின்னவர்களுக்குக் கிடையாது.

சின்னவர்களுக்கு எது? அங்கேதான் கடைசி வழி கைகொடுத்தது: ஓடிப்போனவர்களைப் பிடித்துத்தரச் சொல்லி எசமான்கள் கொடுத்த பத்திரிகை விளம்பரங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தேடித் தொகுக்கும் திட்டமே நடக்கிறது. பத்துப் பதினைந்து வரிதான் இருக்கும். ஒரு விளம்பரம், ஒரு வகுப்பு.

பின்னாளில் பலரைத் தப்பவைத்த ஹாரியட் டப்மன் முதன்முதலில் ஓடியபோது வந்த விளம்பரத்தை அக்கா மகளோடு வீடியோ காலில் படித்தேன். 1849 அக்டோபர் 3 தேதியிட்டது, மேரிலாந்தின் டார்செஸ்டர் கவுண்டி, கொடுத்தவர் எலைசா பிரோடஸ். டப்மனும் அவருடைய இரண்டு சகோதரர்களும் சேர்ந்து ஓடியிருந்தார்கள். விளம்பரத்தில் அவருடைய பெயர் மின்ட்டி. வயது சுமார் 27, உயரம் சுமார் 5 அடி, செஸ்ட்நட் நிறம். மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர், உள்ளேயே பிடித்தால் 50. தொடங்குவதே 'சப்ஸ்கிரைபரிடமிருந்து ஓடிவிட்டார்கள்' என்று.

அக்கா மகள் நிறுத்தினாள். "சித்தி, அப்பவே யூடியூப் இருந்துச்சா?"

சிரித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. சப்ஸ்கிரைபர் என்றால் கீழே எழுதியவர், அதாவது கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர். பத்திரிகைக்குச் சந்தா கட்டக் கையெழுத்துப் போட்டவர் சந்தாதாரர் ஆனார், அங்கிருந்து யூடியூப் வரைக்கும் வந்துவிட்டது. பிடிபட்டவர்களை பால்டிமோர், ஈஸ்டன், கேம்பிரிட்ஜ் சிறைகளில் ஒன்றில் 'லாட்ஜ்' செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்ட் எதிரே ரூம் போடும் இடம் என்று நான் சொல்லிவைத்திருந்தேன், அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. வேறு விளம்பரங்களில் அப்ஸ்காண்டட் என்று வரும். அது நம்மூர் ஆங்கிலப் பத்திரிகை படிப்பவர்களுக்குப் பழகிய சொல்; தலைமறைவானவர்களை இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

சகோதரர்கள் பயந்துபோய்த் திரும்பியதால் அந்த முறை டப்மனும் திரும்பிவிட்டார். கொஞ்ச நாளில் தனியாகக் கிளம்பிப் பிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு சுமார் 13 முறை மேரிலாந்துக்குத் திரும்பி வந்து 70 பேர் போலக் கூட்டிப்போயிருக்கிறார். இங்கேதான் அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோட் வருகிறது. பூமிக்கு அடியிலும் இல்லை, ரயிலும் இல்லை; தப்புகிறவர்களுக்கு உதவிய ஆட்களின் வலை. வழிகாட்டியவர் கண்டக்டர், ஒளிய இடம் கொடுத்த வீடு ஸ்டேஷன், வீட்டுக்காரர் ஸ்டேஷன் மாஸ்டர், தப்புகிறவர் பாசஞ்சர். இத்தனை சொல்லும் தமிழில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால், நம் பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங் தவிரப் படிக்க ஒன்றுமில்லை என்று தோன்றும். என் வகுப்பில் ஒரு பையன் "கண்டக்டர்னா டிக்கெட் கொடுப்பாரா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது ஒரு விதத்தில் சரிதான். டக்ளஸ் 1838 செப்டம்பர் 3-ஆம் தேதி தப்பியது நிஜ ரயிலில். மாலுமி வேடம், கையில் ஒரு மாலுமியிடம் கடன் வாங்கிய தாள். அதன் பெயர் ப்ரொடெக்‌ஷன். மாலுமிகள் அமெரிக்கக் குடிமக்கள் என்று சான்று கொடுக்கும் பத்திரம், மேலே கழுகுச் சின்னம் இருக்கும். சுதந்திரமான கறுப்பினத்தவர் என்றால் ஃப்ரீ பேப்பர்ஸ், அதாவது அடிமை இல்லை என்ற சான்று, காட்ட வேண்டும். கண்டக்டர் வந்து கேட்கிறார். கடலுக்குப் போகும்போது அதைக் கொண்டுபோவதில்லை என்று சொல்லி, டக்ளஸ் கழுகு போட்ட தாளை நீட்டுகிறார். தாளில் எழுதியிருந்த அடையாளம் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. கண்டக்டர் கழுகை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆக ஒரே பாடத்தில் இரண்டு கண்டக்டர்: ஒருவர் கூட்டிப்போகிறவர், இன்னொருவர் பார்த்தால் மாட்டிவிடக்கூடியவர். இந்த வித்தியாசத்தை எந்தக் கார்டில் எழுதுவது? தப்பிய இந்த வழியை டக்ளஸ் 1845 புத்தகத்தில் சொல்லவே இல்லை, பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைபடும் என்று மறைத்தார். பெருமைக்காக எல்லாவற்றையும் வெளியே பேசியவர்களைப் பார்த்து, இது அண்டர்கிரவுண்ட் இல்லை, 'அப்பர்கிரவுண்ட் ரெயில்ரோட்' என்று கிண்டலும் செய்திருக்கிறார்.

ஆற்றைத் தாண்டினால் பாதிதான் என்று முதலில் சொன்னேன் அல்லவா. 1850-ல் வந்த ஃபியூஜிட்டிவ் ஸ்லேவ் சட்டப்படி வட மாநிலத்திலும் பிடிக்கலாம். உதவினவர்களுக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. விசாரிக்கும் கமிஷனருக்கு, ஆளைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர் கூலி, விட்டுவிட்டால் 5. அதனால்தான் டப்மன் தன் ஆட்களைக் கனடா வரை கொண்டுபோக வேண்டி வந்தது. ஃபியூஜிட்டிவ் என்பது அந்தச் சட்டத்தின் சொல், துரத்துகிறவர் வாயிலிருந்து வருவது. ரன்அவே, அப்ஸ்காண்ட், சாட்டல் எல்லாம் அந்தப் பக்கத்துச் சொற்கள். ஸ்டேஷன், பாசஞ்சர், கண்டக்டர் எல்லாம் ஓடுகிறவர் பக்கத்துச் சொற்கள். அமெரிக்காவின் தேசியப் பூங்கா சேவை இப்போது ஃபியூஜிட்டிவ் என்பதற்குப் பதில் ஃப்ரீடம் சீக்கர் என்று எழுதுகிறது. ஸ்லேவ் என்பதை என்ஸ்லேவ்ட் பெர்சன் என்று மாற்றுவதும் அதே காரணத்தால்தான். தமிழில் அடிமை, அடிமைப்படுத்தப்பட்டவர் என்று பிரித்துச் சொன்னால் வித்தியாசம் விளங்கிவிடும். அக்கா மகளிடம் 24 சொல்லையும் 'யார் வாயில் வரும்' என்று இரண்டு பத்தியாகப் பிரிக்கச் சொன்னேன். வேறெந்தப் பயிற்சியையும்விட இதில்தான் அதிக நேரம் உட்கார்ந்தாள். பவுண்ட்டி, அதாவது பிடித்தால் தரும் பரிசுப் பணம், எந்தப் பக்கம் என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

படம் பார்த்துப் படிக்கலாமா என்று பையன் கேட்டான். பார்க்கட்டும். கதை மனதில் நிற்கும், சொல் காதைக் கடந்து போய்விடும்.

சரி, எதை எடுப்பது? கையில் இருப்பது ஒரு வாரம், அதுவும் பள்ளித் தேர்வு என்றால், கண்ணால் பார்க்கும் பொருள்களுக்குப் பட்டியல், மற்றதற்கு ஒரே ஒரு விளம்பரம், அந்த இரண்டு பத்திப் பயிற்சி. அக்கா மகள் 24-க்கு 22 வாங்கினாள். விட்டது மேனுமிஷனும் ஸ்டோஅவேயும். கப்பலில் திருட்டுத்தனமாக ஒளிந்து போகிறவரைப் பற்றி நான் சொல்லவே இல்லை, அது என் கணக்கு. போட்டித் தேர்வு என்றால் வேர்ச்சொல்லும் ஆப்பும், ஆனால் கார்டில் தனிச் சொல் போடாமல் வாக்கியம் போட வேண்டும். ஆறு மாதம் அவகாசம் இருந்து, ஆங்கிலமே நன்றாக வர வேண்டும் என்று நினைப்பவர் நேராக டக்ளஸிடம் போகலாம்.

அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முன்னால் இருக்கும் இரண்டு முன்னுரைகளும் மேடைப் பேச்சு நடையில் இருக்கும், அங்கேயே பாதிப் பேர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிட்டு ஏழாவது அத்தியாயத்தில் தொடங்குங்கள். அடுத்து பத்தாவதின் பின்பாதி, பிஸ்கட் வரும் இடம். பிறகு பதினொன்று. அதற்கப்புறம் முதல் அத்தியாயத்துக்கு வரலாம். என் வகுப்புப் பையன் இப்போது பத்தாவது அத்தியாயத்தில் இருக்கிறான். ஓன் என்ற சொல்லுக்குப் புதிதாக ஒரு கார்டு போட்டிருக்கிறான். முன்பக்கம் முழு வாக்கியம், பின்பக்கம் ஒரு பிஸ்கட் படம்.